சாக்ரமென்டோ கிங்ஸ் 2013–14: புது உரிமையாளரின் முதல் சீசன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) பார்க்கத் தொடங்கியவர்களிடம் கிங்ஸ் பேச்சை எடுத்தால், இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, எளிதிலிருந்து சிக்கலுக்குப் போகும்படி அடுக்கியிருக்கிறோம். தொகைகள் எல்லாம் அமெரிக்க டாலர். ஒரு கோடி என்பது 10 மில்லியன் என்று வைத்துக்கொண்டால் ஆங்கிலச் செய்திகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1. கிங்ஸ் எந்த ஊர் டீம்? எத்தனையோ டீம் இருக்க, இந்த ஒரு சீசனை ஏன் இவ்வளவு பேசறாங்க?

கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோ. அணி அங்கே பிறந்ததல்ல. ராச்செஸ்டர், சின்சினாட்டி, கான்சஸ் சிட்டி என்று ஊர் ஊராகச் சுற்றி 1985இல் வந்து சேர்ந்தது. வென்ற ஒரே கோப்பை 1951இல், ராச்செஸ்டர் ராயல்ஸ் என்ற பெயரில் ஆடியபோது வந்தது. சாக்ரமென்டோவுக்கு அப்போது வேறு பெரிய லீக் அணி எதுவும் கிடையாது. இந்த ஒரு அணியைத்தான் ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடியது.

2006க்குப் பிறகு பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிச் சுற்றுகள்) வாசலையே மிதிக்காத அணி அது. 2013 மே மாதம் வரை ஊரைவிட்டே போய்விடும் நிலை. அந்த ஒரே கோடையில் உரிமையாளர், தலைமைப் பயிற்சியாளர், பொது மேலாளர் மூவரும் புதிதாக வந்தார்கள். புது முதலாளி வந்தால் ஒரு அணியில் எது உடனே மாறும், எது மாறவே மாறாது என்று பார்க்க இதைவிடத் தெளிவான சீசன் கிடைப்பது கஷ்டம்.

2. புது ஓனர் இந்தியர்னு சொல்றாங்களே, உண்மையா?

விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர். அமெரிக்காவில் எம்ஐடியில் படித்து, டிப்கோ என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். என்பிஏ அணி ஒன்றின் பெரும்பான்மை உரிமையாளரான முதல் இந்திய வம்சாவளியினர் அவர்தான்.

கூடைப்பந்து வியாபாரத்துக்கு அவர் புதியவர் அல்ல. 2010 முதல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் சிறுபங்கு வைத்திருந்தார். ஒருவர் இரண்டு அணிகளில் பங்கு வைத்திருக்கக் கூடாது என்பது லீக் விதி, அதனால் அந்தப் பங்கை விற்றுவிட்டுத்தான் கிங்ஸுக்கு வந்தார். தனியாளாகவும் வாங்கவில்லை. அவர் தலைமையில் ஒரு முதலீட்டாளர் குழு வாங்கியது. சில மாதங்கள் கழித்து முன்னாள் வீரர் ஷகீல் ஓ'நீலும் அதில் சிறு பங்கு வாங்கிச் சேர்ந்தார்.

3. ஒரு இடத்துல 53.5 கோடின்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 34.8 கோடின்னு போட்டிருக்கு. எதுதான் சரி?

இரண்டும் சரி. 53.5 கோடி என்பது முழு அணிக்கும் போட்ட மதிப்பு. விற்பனைக்கு வந்தது பழைய உரிமையாளரான மலூஃப் குடும்பமும் அவர்களோடு சேர்ந்தவர்களும் வைத்திருந்த 65 சதவீதம் மட்டும். 53.5இல் 65 சதவீதம் போட்டுப் பாருங்கள், 34.8 வரும். மீதிப் பங்கு சிறு பங்குதாரர்களிடம் இருந்தது.

அணி விற்பனைச் செய்தி எதைப் படித்தாலும் "மதிப்பு" எது, "கைமாறிய தொகை" எது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

4. சியாட்டில்காரங்க அதை விட அதிகமா தர்றேன்னாங்களே, ஏன் அவங்களுக்குக் கொடுக்கலை?

கிறிஸ் ஹான்சன், ஸ்டீவ் பால்மர் ஆகியோரின் குழு, அணியைச் சியாட்டிலுக்குக் கொண்டுபோக, 2013 ஜனவரியிலேயே மலூஃப் குடும்பத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது. அப்போது போட்ட மதிப்பு 52.5 கோடி; பிறகு 55 ஆக்கினார்கள், கடைசியில் 62.5 கோடி வரை ஏற்றினார்கள். 2008இல் சூப்பர்சானிக்ஸ் அணியை ஓக்லஹோமா சிட்டிக்குப் பறிகொடுத்த ஊர் சியாட்டில். அவர்களுடைய ஏக்கமும் நியாயமானதே.

ஆனால் என்பிஏவில் விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொண்டால் மட்டும் போதாது. மற்ற அணி உரிமையாளர்கள் ஓட்டுப்போட்டு அனுமதிக்க வேண்டும். ஏப்ரல் 29 அன்று இடமாற்றக் குழு 7–0 என்று சியாட்டில் கோரிக்கையை மறுத்தது. மே 15 அன்று உரிமையாளர்கள் எல்லோரும் கூடி 22–8 என்று அதை உறுதி செய்தார்கள். சாக்ரமென்டோ தரப்பில் நகர மேயர் கெவின் ஜான்சன், அவரே முன்னாள் என்பிஏ வீரர், உள்ளூரில் வைத்திருக்க ஒரு வாங்கும் குழுவையும் புது அரங்கத்துக்கு நகராட்சிப் பணத்தையும் கையில் பிடித்துக்கொண்டு போனார். ஊரே தயாராக இருக்கும்போது அணியைப் பிடுங்க லீக்குக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. மே 31 அன்று விற்பனை முடிந்தது.

5. 28–54ன்னா என்ன கணக்கு? அது எவ்வளவு மோசம்?

ஒரு சீசனுக்கு 82 ஆட்டம். 28 வெற்றி, 54 தோல்வி. டிரா கிடையாது. மேற்குப் பிரிவின் 15 அணிகளில் கிங்ஸுக்கு 13ஆவது இடம். கீழே இருந்தவை லேக்கர்ஸும் (27 வெற்றி) யூட்டாவும் (25) மட்டுமே.

அந்த ஆண்டு மேற்குப் பிரிவு கொடுமையான பிரிவு. 49 வெற்றி பெற்ற டல்லஸ் கடைசி பிளேஆஃப் இடமான எட்டாவதில் நுழைந்தது. 48 வென்ற ஃபீனிக்ஸ் வெளியே நின்றது. அதாவது கிங்ஸ் பிளேஆஃப் போக இன்னும் 21 ஆட்டம் வென்றிருக்க வேண்டும். ஒரே கோடையில் ஏறக்கூடிய ஏற்றம் அல்ல அது.

6. கடைசி இடத்துக்கு வந்தா கீழ் லீக்குக்கு இறக்கிடுவாங்களா?

இல்லை. 30 அணிகளும் நிரந்தரம். மோசமாக ஆடிய அணிக்கு அடுத்த ட்ராஃப்டில் (அணிகள் வரிசைப்படி புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) முன்னுரிமை கிடைக்கும். அதன் நடைமுறை 13ஆம் கேள்வியில் இருக்கிறது.

7. போன வருஷமும் 28–54, புது ஓனர் வந்த வருஷமும் 28–54. அப்போ ஒண்ணுமே மாறலையா?

எண் மாறவில்லை, அணி மாறிவிட்டது. 2012–13இல் கிங்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 5 புள்ளி பின்தங்கியது. 2013–14இல் அது 3 அளவுக்கு இறங்கியது. வெற்றி தோல்விப் பட்டியலைவிட இந்த வித்தியாசம்தான் ஒரு அணியின் உண்மையான தரத்தைக் காட்டும். கொஞ்சம் தேறியிருந்தார்கள், நெருக்கமான ஆட்டங்களில் அந்தத் தேற்றம் வெற்றியாக மாறவில்லை.

ஆட்களைப் பாருங்கள். அக்டோபர் 30 அன்று டென்வரை 90–88 என்று வென்று சீசனைத் தொடங்கிய அணியில் இருந்த வாஸ்கெஸ், பேட்டர்சன், சால்மன்ஸ், ஹேய்ஸ், பா அ மூட்டே, தார்ன்டன், ஃப்ரெடெட் ஆகிய ஏழு பேர் பிப்ரவரி முடிவதற்குள் இல்லை. அணியில் வைத்திருக்கக்கூடியதே 15 பேர். ஏறக்குறைய பாதி அணி ஓடும் வண்டியில் மாற்றப்பட்டது. தடுப்பாட்டத்தில் ஒருவர் எங்கே நகர்வார் என்று பக்கத்தில் நிற்பவருக்குப் பார்க்காமலே தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் படிய மாதங்கள் ஆகும். இந்த அணிக்கு அந்த மாதங்கள் கிடைக்கவே இல்லை.

8. ஓனர்கிட்ட காசு கொட்டிக் கிடக்கே, நல்ல ப்ளேயரா பார்த்து வாங்கிட வேண்டியதுதானே?

சம்பள வரம்பு தடுக்கும். 2013–14இல் ஒரு அணியின் மொத்தச் சம்பள வரம்பு 5.87 கோடி, அபராத வரி தொடங்கும் கோடு 7.17 கோடி. வரம்புக்குக் கீழே எவ்வளவு காலி இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் வெளியிலிருந்து ஒருவரைத் தாராளமாக ஒப்பந்தம் செய்யலாம். வரம்பைத் தாண்டிய அணிக்குச் சில விதிவிலக்குகள் உண்டு: தன் சொந்த வீரரைத் தக்கவைக்கலாம், குறிப்பிட்ட சிறு தொகைக்கு ஒருவரை எடுக்கலாம், குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆள் சேர்க்கலாம். முதலாளியின் சொத்து இந்தக் கணக்கில் எங்குமே வராது.

இன்னொன்று, அணியை வாங்கினால் பழைய ஒப்பந்தங்களும் சேர்ந்தே வரும். என்பிஏ ஒப்பந்தங்கள் பெரும்பாலும் உத்தரவாதமானவை, ஆளை அனுப்பினாலும் பணம் கொடுத்தே ஆக வேண்டும். தார்ன்டனுக்கு ஆண்டுக்கு 80 லட்சம், சால்மன்ஸுக்கு 76 லட்சம் என்று முந்தைய நிர்வாகம் எழுதிக்கொடுத்ததை எல்லாம் ரணதிவே குழுவே சுமந்தது. முதல் ஆண்டில் எந்தப் புது உரிமையாளரும் ஆடுவது முந்தையவர் விட்டுப்போன சீட்டுக்கட்டை வைத்துத்தான்.

காசு பயன்படும் இடங்களும் உண்டு: பயிற்சியாளர் குழு, மருத்துவம், அரங்கம், சொந்த வீரரைத் தக்கவைப்பது. டிமார்கஸ் கசின்ஸுக்கு 2013 செப்டம்பரில் நான்கு ஆண்டு, 6.2 கோடி நீட்டிப்பு கொடுத்தது அந்த வகை. அது 2014–15இல்தான் தொடங்கியது. 2013–14இல் அவர் 49 லட்சத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். அணியின் சிறந்த வீரர் இவ்வளவு மலிவாகக் கிடைத்த கடைசி ஆண்டு அது. அதனால்தான் நிர்வாகத்துக்கு அத்தனை அவசரம்.

9. டைரீக் எவன்ஸை ஏன் விட்டாங்க? அவர் ரூக்கி ஆஃப் தி இயர் வாங்கினவர் ஆச்சே?

2010இல் அந்தச் சிறந்த புதுமுக வீரர் விருதை வாங்கியவர், ஆமாம். 2013 கோடையில் அவர் ஒப்பந்தம் முடிந்தது. நியூ ஆர்லியன்ஸ் நான்கு ஆண்டுக்கு 4.4 கோடி கொடுக்க முன்வந்தது. இப்படி முதல் ஒப்பந்தம் முடியும் இளம் வீரருக்குப் பழைய அணி அதே தொகையைக் கொடுத்துத் தக்கவைக்கும் உரிமை உண்டு. கிங்ஸ் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல், போர்ட்லண்டையும் சேர்த்து மூன்று அணி டிரேடாக (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) மாற்றி கிரேவிஸ் வாஸ்கெஸை வாங்கியது.

இதில் யோசனை இருந்தது. எவன்ஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வளையத்தை நோக்கிப் பாய்பவர். வாஸ்கெஸ் அதற்கு முந்தைய சீசனில் ஆட்டத்துக்கு 9 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்) கொடுத்தவர். பந்தைப் பகிரும் பாயின்ட் கார்டு (ஆட்டத்தை நடத்துபவர்) வேண்டும் என்று எடுத்தார்கள். எடுத்தவரை 18 ஆட்டம் மட்டும் ஆடவிட்டு அடுத்த டிரேடில் அனுப்பிவிட்டார்கள். யோசனையில் பிழை இல்லை. அதைச் சோதித்துப் பார்க்கும் பொறுமைதான் இல்லை.

10. ரூடி கே டிரேட் எப்படி நடந்தது? நாலு பேரைக் கொடுத்து மூணு பேரை ஏன் வாங்கணும்?

2013 டிசம்பர் 9. கிங்ஸ் கொடுத்தது வாஸ்கெஸ், பேட்டர்சன், சால்மன்ஸ், ஹேய்ஸ். டொராண்டோவிடமிருந்து வாங்கியது ரூடி கே, குவின்சி ஏசி, ஏரன் கிரே. கே ஒருவரின் சம்பளமே ஏறக்குறைய 1.79 கோடி.

வரம்பைத் தாண்டிய அணிகள் டிரேட் செய்யும்போது போகும் சம்பளமும் வரும் சம்பளமும் கிட்டத்தட்டப் பொருந்த வேண்டும். அப்போதைய விதிப்படி, வரிக் கோட்டுக்குக் கீழே இருக்கும் அணி ஒன்று 0.98 முதல் 1.96 கோடி வரை அனுப்பினால், அதோடு கூட 50 லட்சம் வரை அதிகமாக வாங்கிக்கொள்ளலாம். கிங்ஸ் அனுப்பிய நால்வரின் மொத்தம் 1.85 கோடி அளவு. வந்த மூவரின் மொத்தம் 2.1 கோடிக்குச் சற்று மேல். 50 லட்ச இடைவெளிக்குள் அடங்கிவிட்டது. ஒரு பெரிய சம்பளக்காரரை வாங்க நடுத்தரச் சம்பளக்காரர்கள் பலரைச் சேர்த்துக் கட்ட வேண்டியிருப்பது இதனால்தான். கட்டும்போது அணியின் மாற்று ஆட்டக்காரர் வரிசை காலியாகிவிடும். அந்த விலை செய்தித் தலைப்பில் வராது.

11. அந்த டிரேடுக்கு அப்புறம் டொராண்டோ எங்கேயோ போயிட்டாங்க. கிங்ஸ் ஏமாந்துட்டாங்கன்னுதானே அர்த்தம்?

டொராண்டோ கே இருந்தபோது 6–12. அதற்குப் பிறகு 42–22 ஆடி 48 வெற்றியோடு, கிழக்குப் பிரிவுக்குள் இருக்கும் அட்லாண்டிக் உட்பிரிவில் முதலிடம் பிடித்தது. இதைப் பார்த்ததும் "ஏமாந்தார்கள்" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கேயின் ஆட்டத்தைப் பாருங்கள்: அந்தச் சீசனில் டொராண்டோவில் அவர் எறிந்ததில் 38.8 சதவீதம் விழுந்தது, சாக்ரமென்டோவில் 48.2 சதவீதம். அவரே அங்கே மேலான வீரராக ஆடினார். அவரை வாங்கியது தவறான ஆளை வாங்கியது அல்ல.

நஷ்டம் வேறு இடத்தில். பேட்டர்சன் தூரத்திலிருந்து எறியத் தெரிந்த உயரமான ஆள். கசின்ஸ் வளையத்தருகே வேலை செய்ய வெளியே இடம் திறந்துவைக்கும் அப்படிப்பட்ட ஒருவர் அதன் பிறகு கிங்ஸிடம் இல்லை. டொராண்டோவுக்கு ஆழம் கிடைத்தது, சாக்ரமென்டோவுக்கு உச்சம் கிடைத்தது. 82 ஆட்டச் சீசனில் ஆழமே அதிகம் ஜெயிக்கும் என்பது எங்கள் கணிப்பு.

12. கசின்ஸ் 22.7, தாமஸ் 20.3, கே 20.1. மூணு பேர் 20க்கு மேல அடிச்சும் எப்படித் தோத்தாங்க?

இந்தச் சீசனில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், நல்ல கேள்வியும்கூட. பந்து ஒன்றுதான் இருக்கிறது. மூவரும் பந்து கையில் இருந்தால்தான் சிறப்பாக ஆடுபவர்கள். ஒருவர் ஆடும்போது மற்ற இருவரும் நின்று பார்ப்பார்கள். வெளியே நின்று எறிய ஆள் இருந்தால் அதைச் சமாளிக்கலாம். மூன்று புள்ளி வீச்சில் கிங்ஸ் லீக்கின் கீழ்வரிசையில் இருந்தது. அந்த வேலைக்கென்றே ஏழாவது தேர்வாக எடுத்த பென் மெக்லமோர் முதல் ஆண்டில் தூர வீச்சில் 32 சதவீதம்தான் போட்டார். எதிரணி தைரியமாக அவரை விட்டுவிட்டுக் கசின்ஸ் மேல் இருவராக விழுந்தது.

தடுப்பில் இன்னும் பெரிய ஓட்டை. ஒரு சாதாரணக் காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எதிரணி கார்டு நடுவில் பந்தோடு நிற்கிறார். அவர்களுடைய உயரமான ஆள் மேலே வந்து ஐசையா தாமஸுக்குக் குறுக்கே சுவர்போல நிற்கிறார். தாமஸ் ஐந்தடி ஒன்பது அங்குலம். அந்தச் சுவரில் மோதினால் ஒரு நொடி போய்விடும். இப்போது கசின்ஸ் முடிவெடுக்க வேண்டும்: மேலே ஏறி பந்தை நிறுத்துவதா, பின்வாங்கி வளையத்தைக் காப்பதா? அவர் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டால், ஓரத்திலிருந்து மூன்றாவது ஆள் உள்ளே ஓடிவர வேண்டும். அவர் வந்தால் அவர் விட்ட மூலையில் ஒருவர் தனியாக நிற்பார், பந்து அங்கே போகும், மூன்று புள்ளி. தவறு முதல் நொடியில் நடந்தது, பழி கடைசியாக ஓடியவர் மேல் விழும். ஒன்றாக ஆடிப் பழகிய ஐவருக்கு இது பிரச்சினையே அல்ல. 7ஆம் பதிலில் சொன்னபடி, இங்கே பழகிய ஐவரே இல்லை.

13. நல்ல ட்ராஃப்ட் கிடைக்கணும்னு வேணும்னே தோத்தாங்களா?

இல்லை. வேண்டுமென்றே தோற்கும் அணி நல்ல வீரர்களை விற்று இளைஞர்களை வாங்கும். கிங்ஸ் செய்தது நேர் எதிர். சீசன் நடுவே 1.79 கோடி சம்பளக்காரரை வாங்கியது. தோற்பதைத் திட்டமாகவே வைத்திருந்த அணி அந்த ஆண்டு ஃபிலடெல்ஃபியா. தொடர்ச்சியாக 26 ஆட்டம் தோற்றது.

பிளேஆஃப் போகாத 14 அணிகளுக்கும் குலுக்கல் நடக்கும். அப்போதைய முறையில் முதல் மூன்று இடங்கள் மட்டும் குலுக்கலில். மீதி, மோசமான பதிவு வரிசைப்படி. மிக மோசமான அணிக்கு முதலிடம் கிடைக்க 25 சதவீத வாய்ப்பு. ஏழாவது மோசமான கிங்ஸுக்கு 4.3 சதவீதம். 1.7 சதவீதம் மட்டுமே வைத்திருந்த கிளீவ்லண்ட் முதலிடத்துக்குத் தாவியதால் கிங்ஸ் ஒரு படி இறங்கி எட்டாவது ஆனது. நிக் ஸ்டாஸ்கஸை எடுத்தது. அந்தத் தேர்வு முதல் 12க்குள் வராமல் போயிருந்தால் சிகாகோவுக்குப் போயிருக்கும்; பழைய நிர்வாகம் 2011இல் ஜே.ஜே. ஹிக்சனை வாங்க எழுதிக்கொடுத்த கடன் அது, இடையில் கை மாறியிருந்தது. கொஞ்சம் தேறி 13ஆவது தேர்வுக்குப் போயிருந்தால் அணிக்குப் பிளேஆஃபும் இல்லை, தேர்வும் இல்லை.

14. முதல்ல கோச்சைப் போட்டுட்டு அப்புறம் ஜிஎம்மைப் போட்டாங்களாமே. அதனால என்ன இப்போ?

பெரிய விஷயம். பொது மேலாளர் வீரர்களைத் தேர்ந்தெடுப்பார், கோச் அவர்களை ஆடவைப்பார். வழக்கமான வரிசை: முதலில் மேலாளர், அவர் தன் எண்ணத்துக்கு ஏற்ற கோச்சை அமர்த்துவார். இங்கே மே 31 விற்பனை முடிந்தது. ஜூன் தொடக்கத்தில் கோச்சாக மைக்கேல் மலோன் வந்தார். ஜூன் நடுவில் மேலாளராக பீட் டி'அலெசாண்ட்ரோ வந்தார். ஜூன் 27 அன்று ட்ராஃப்ட். நான்கு வாரத்துக்குள் எல்லாம். ரணதிவேக்கு மலோனை வாரியர்ஸில் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோதே தெரியும். தெரிந்தவரை முதலில் பிடித்துப்போட்டது புரிந்துகொள்ளக்கூடியதே.

விளைவு, இருவரும் ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுக்காதவர்கள். மலோன் தடுப்பாட்டத்துக்குப் பெயர் பெற்றவர். அவர் கையிலிருந்த சிறந்த தடுப்பாளர்களில் ஒருவரான லூக் பா அ மூட்டேயை நவம்பர் 26 அன்று மினசோட்டாவுக்கு அனுப்பி, 2011இல் இரண்டாவது தேர்வாகப் போன டெரிக் வில்லியம்ஸை வாங்கினார்கள். திறமை கூடியது, கோச் ஆட நினைத்த ஆட்டத்துக்குத் தேவையான ஆள் குறைந்தார்.

15. ஐசையா தாமஸ் 60ஆவது தேர்வா வந்து 20 பாயின்ட் அடிச்சார். அவரை எப்படி விட மனசு வந்தது?

2014 ஜூலையில் ஃபீனிக்ஸ் அவருக்கு நான்கு ஆண்டு, 2.7 கோடி கொடுத்தது. கிங்ஸுக்கு 9ஆம் பதிலில் சொன்ன அதே தக்கவைக்கும் உரிமை இருந்தது, பயன்படுத்தவில்லை. தாமஸுக்குப் பதில் டாரன் காலிசனை எடுத்தார்கள். நிர்வாகம் விரும்பியது முதலில் பந்தைக் கொடுக்கும் கார்டு. 12இல் சொன்ன மூவர் பிரச்சினைக்கு ஒருவரைக் குறைப்பதே தீர்வு என்று கண்டார்கள்.

கே அதே கோடையில் 1.93 கோடி பெறும் தன் விருப்ப ஆண்டை (தொடர்வதா என்று வீரரே முடிவு செய்யும் ஒப்பந்த ஆண்டு) எடுத்துக்கொண்டு அணியில் தங்கினார். ஆக, மூவரில் அடுத்த ஆண்டுக்கு மிகக் குறைந்த சம்பளம் கேட்டவரைத்தான் விட்டார்கள். இந்தச் சீசனின் முடிவுகளிலேயே நியாயப்படுத்த மிகக் கடினமானது இது. தாமஸ் 2016–17இல் பாஸ்டனுக்கு ஆட்டத்துக்கு 28.9 புள்ளி எடுத்தார்.

16. பிட்காயின், கூகுள் கிளாஸ் (கண்ணில் மாட்டுற கணினிக் கண்ணாடி) எல்லாம் கொண்டுவந்தாங்களே, அதுல ஆட்டத்துக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?

ஆட்டத்துக்கு இல்லை. டிக்கெட்டுக்கும் பொருட்களுக்கும் பிட்காயின் வாங்குவதாக 2014 ஜனவரியில் அறிவித்த முதல் அமெரிக்கத் தொழில்முறை அணி கிங்ஸ். விளம்பரத்துக்கு உதவியது.

17. அப்போ முதல் வருஷத்துல உருப்படியா எதுவுமே நடக்கலையா?

நடந்தது, ஆடுகளத்துக்கு வெளியே. அணியை ஊரில் வைத்துக்கொள்ள லீக் போட்ட நிபந்தனை புது அரங்கம். பழைய ஸ்லீப் டிரெயின் அரங்கம் 1988இல் நகர மையத்துக்கு வெளியே நடோமாஸ் பகுதியில் கட்டியது. 17,317 இருக்கை, என்பிஏவின் மிகச் சிறிய அரங்கங்களில் ஒன்று. 2014 மே 20 அன்று நகர மன்றம் 7–2 ஓட்டில் நகரின் பங்காக 25.5 கோடி கொடுக்க ஒப்புக்கொண்டது. அதில் பெரும்பகுதி, வாகன நிறுத்த வருமானத்தை நம்பி வாங்கும் கடன். நகர மையத்தில் கோல்டன் 1 சென்டர் 2016இல் திறந்தது.

பொதுப்பணத்தைத் தனியார் அணிக்குக் கொடுப்பது சரியா என்ற வாதம் அப்போதே கடுமையாக நடந்தது, அது தேவையான வாதம். ஆனால் அணி ஊரில் இருக்கிறதா என்பதே 2013இல் கேள்வி. ஓராண்டில் அந்தக் கேள்வி முடிந்துபோயிற்று. முதல் சீசனில் உரிமையாளரின் கையில் முழுதாக இருந்த வேலை இது ஒன்றுதான், அதை முடித்தார்கள்.

18. மலோன் நல்ல கோச்னா ஏன் தூக்கினாங்க?

2014–15 நன்றாகத் தொடங்கியது. பிறகு கசின்ஸுக்கு மூளையுறைக் காய்ச்சல் வந்து படுத்தார். அவர் இல்லாத ஒன்பது ஆட்டத்தில் ஏழைத் தோற்று, 11–13 என்று இருந்தபோது டிசம்பர் நடுவில் மலோனை நீக்கினார்கள். அணி இன்னும் வேகமாக, திறந்து ஆட வேண்டும் என்பது நிர்வாகத்தின் எண்ணம். மலோன் தடுப்பிலிருந்து அணியைக் கட்டுபவர். 14ஆம் பதிலில் சொன்ன விரிசல் இது.

சிறந்த வீரர் நோயில் படுத்திருக்கும்போது வந்த தோல்விகளை வைத்து ஒரு கோச்சை எடைபோடுவது தவறு. கசின்ஸோடு ஒத்துப்போகக் கற்றுக்கொண்ட கோச் அவர். அந்த உறவைக் கட்ட ஒன்றரை ஆண்டு ஆயிற்று, உடைக்க ஒரு நாள் போதுமானதாக இருந்தது. டைரோன் கார்பின் வந்தார், பிப்ரவரியில் ஜார்ஜ் கார்ல் வந்தார். ஒரே சீசனில் மூன்று கோச். மலோன் 2015இல் டென்வருக்குப் போய், 2023இல் அந்த அணிக்கு முதல் கோப்பையை வென்று கொடுத்தார்.

19. இந்திய ஓனர்ங்கறதால இந்தியாவுக்கு ஏதாவது நடந்ததா?

2015 ஏப்ரலில் ஏழடி ஐந்தங்குல உயரமுள்ள சிம் புல்லர் கிங்ஸுக்கு ஆடினார். கனடாவில் பிறந்த பஞ்சாபி. என்பிஏ ஆட்டத்தில் இறங்கிய முதல் இந்திய வம்சாவளி வீரர். பத்து நாள் ஒப்பந்தம், மூன்று ஆட்டம். 2019 அக்டோபரில் கிங்ஸும் இண்டியானா பேசர்ஸும் மும்பையில் இரண்டு நட்பு ஆட்டம் ஆடின. இந்தியாவில் நடந்த முதல் என்பிஏ ஆட்டங்கள் அவை. இரண்டிலும் பேசர்ஸ் வென்றது, முதலாவது கூடுதல் நேரத்தில் 132–131.

20. கடைசியில பிளேஆஃப் போனாங்களா, இல்லையா?

போனார்கள். 2022–23இல், மைக் பிரவுன் கோச்சாக இருந்தபோது, 48–34 என்று மூன்றாவது இடத்தில். 16 சீசன் காத்திருப்பு. என்பிஏ வரலாற்றிலேயே மிக நீண்டது. அந்த அணி லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தது. டொமாண்டஸ் சபோனிஸ் வெளியே வந்து பந்தைப் பகிர, சுற்றிலும் எறியத் தெரிந்தவர்கள் நின்றார்கள். 12ஆம் பதிலில் இல்லை என்று சொன்னவை எல்லாம் இந்த அணியில் இருந்தன.

முதல் சுற்றில் எதிரி வாரியர்ஸ், ரணதிவே முன்பு பங்கு வைத்திருந்த அதே அணி. தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. 2023 ஏப்ரல் 30 அன்று, அந்த மே 2014 ஓட்டில் பிறந்த கோல்டன் 1 சென்டரில், ஸ்டெஃபன் கரி 50 புள்ளி எடுத்தார். வாரியர்ஸ் 120–100 என்று வென்றது.